வால்வுக்குள் இருந்த வெள்ளைப் பூச்சு
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)



இந்த விழாவில் பேசும்படி செயலாளர் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று நான் கேட்டேன். "நீங்கள் படிச்ச விஷயத்தையே சொல்லுங்கோ அக்கா. ஆனால் எங்களுக்கும் விளங்கவேணும்" என்றார். நான் படித்த விஷயத்தை ஒரு வரியில் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. அதனால் ஒரு பொருளைக் கையில் கொண்டு வந்திருக்கிறேன். முன்வரிசையில் இருக்கும் அக்காமாருக்கு இதைப் பார்த்தவுடன் தெரியும். இது பழைய றேடியோவின் வால்வு. ஈஎல் 84 என்ற வகை. எனது அப்பாவின் மேசை இலாச்சியில் இருந்து எடுத்தது.

அப்பா பட்டணத்தில் றேடியோ திருத்தும் சிறிய கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போவேன். றேடியோவின் பின்பக்கத்துப் பலகையைக் கழற்றினால் உள்ளே நாலைந்து வால்வுகள் செம்மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும். அவை சூடேறும் வரைக்கும் சத்தம் வராது. அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு மெல்லக் கிளம்பி வரும் அந்தப் பாட்டை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அந்த அரை நிமிடம் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்விதான் என்னைப் பேராதனைக்கும், அதற்கு அப்பால் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுகூடத்துக்கும் கொண்டுபோனது.

எமது சங்கத்துக்கு நூறு வயது. கல்லடியில் லேடி மனிங் பாலம் திறக்கப்பட்டது 1924 இல். கொழும்பில் வானொலி ஒழுங்காக ஒலிபரப்பைத் தொடங்கியது 1925 டிசம்பரில். ஆகவே எமது சங்கமும் பாலமும் வானொலியும் ஏறக்குறைய ஒரு வயதுச் சகோதரிகள். அன்றைய ஒலிபரப்பு முழுவதும் இந்தக் கண்ணாடிக் குழாய்களின் தயவில்தான் நடந்தது. புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த அமெரிக்க யேசு சபைக் குருவானவர் லாங் அடிகளார் எமது வாவியின் மீன்பாட்டை ஒலிப்பதிவு செய்து, அது இலங்கை வானொலியில் ஒலித்தது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். வாவிக்கு அடியில் கேட்ட அந்த மெல்லிய ஓசையைப் பெருப்பித்து வீடுகளுக்குக் கொண்டுவந்தவையும் வால்வுகளே.

இந்தக் குழாயின் நடுவில் விளக்குத் திரி அளவில் ஒரு சிறு நிக்கல் உறை இருக்கிறது. அதன் பெயர் கதோட்டு. அதற்குள் 6.3 வோல்ற்றில் எரியும் ஒரு சூடாக்கி. உறையின் வெளியே சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைப் பூச்சு. உலோகத்துக்குள் இலத்திரன்கள் தாராளமாக ஓடித் திரிகின்றன. ஆனால் வெளியே வர முடியாது. எல்லையில் ஒரு தடை இருக்கிறது. வெளியேறுவதற்கு ஓர் இலத்திரன் கொடுக்க வேண்டிய சக்தியை வேலைச் சார்பு என்கிறோம். சூடாக்கினால் சில இலத்திரன்களுக்கு அந்தச் சக்தி கிடைத்து வெளியே குதிக்கின்றன. அந்தச் சூடு ஏறும் நேரம்தான் நாங்கள் காத்திருந்த அரை நிமிடம்.

இந்தத் தோற்றப்பாட்டுக்குக் கணக்கு எழுதியவர் ஓவன் ரிச்சட்சன். 1928 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு இதற்காகவே கிடைத்தது. அவருடைய விதியில் ஒரு வேடிக்கை உண்டு. வேலைச் சார்பு சிறிதளவு குறைந்தாலும் வெளிவரும் இலத்திரன்கள் பன்மடங்கு கூடும். 1000 பாகை செல்சியஸில் இருக்கும் ஒரு கதோட்டில் அது வெறும் 0.2 இலத்திரன்-வோல்ற்று குறைந்தால், மின்னோட்டம் ஏறக்குறைய ஆறு மடங்காகும்.

மின்குமிழின் இழையாகிய தங்குதனுக்கு வேலைச் சார்பு ஏறக்குறைய 4.5 இலத்திரன்-வோல்ற்று. அதில் இருந்து போதிய இலத்திரன்களைப் பெற 2200 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டும். இந்த வெள்ளைப் பூச்சுக்கோ அது 1.5 அளவில்தான். 800 பாகைக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். கல்சியம், பேரியம் முதலிய மூலகங்களின் ஒட்சைட்டுகளுக்கு இந்தக் குணம் உண்டு என்பதை 1903 அளவில் கண்டறிந்தவர் ஜேர்மனியரான வேனெல்ற்று. அதன் பின் கோடிக்கணக்கான வால்வுகளும், எங்கள் வீடுகளில் இருந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளும் அந்தப் பூச்சிலேயே ஓடின.

அப்பாவிடம் ஒரு வித்தை இருந்தது. ஒரு வால்வு நலிந்துபோனால், சூடாக்கிக்கு 6.3 வோல்ற்றுக்குப் பதிலாக எட்டு, ஒன்பது வோல்ற்று சில நிமிடம் கொடுப்பார். பல வேளைகளில் அது மீண்டும் உயிர்பெறும். புது வால்வு வாங்கக் காசில்லாதவர்களுக்கு அது சில மாதங்கள் உழைக்கும். "ஏன் அப்பா அப்படி?" என்று கேட்டேன். "செய்தால் வருது மகள். ஏன் வருது எண்டு எனக்குத் தெரியாது. நீ படிச்சுச் சொல்லு" என்றார்.

படித்துச் சொல்வதற்கு எனக்கு நீண்ட காலம் எடுத்தது. தொழிற்சாலைகளுக்கும் அது பல பத்தாண்டுகள் சரியாக விளங்காமல்தான் இருந்தது. வெள்ளைப் பூச்சைப் பேரியம், துரந்தியம் ஆகியவற்றின் காபனேற்றாகப் பூசுவார்கள். குழாயில் உள்ள காற்றை வெளியேற்றும்போது சூடாக்கினால் காபனீரொட்சைட்டு நீங்கி ஒட்சைட்டு மிஞ்சும். ஆனால் அது மட்டும் போதாது. நிக்கலில் மிகச் சிறிதளவு மக்னீசியமோ சிலிக்கனோ கலந்திருக்க வேண்டும். அவை பேரியம் ஒட்சைட்டில் இருந்து ஒட்சிசனைப் பறித்து, சிறிது பேரியத்தைத் தனியாக விடுவிக்கும். அந்தப் பேரியமே பூச்சுக்கு உயிர் கொடுக்கிறது. மிகத் தூய நிக்கலில் பூசினால் வால்வு சோம்பேறியாக இருக்கும். சிலிக்கன் கூடிப்போனாலோ நிக்கலுக்கும் பூச்சுக்கும் இடையில் பேரியம் சிலிக்கேற்றுப் படை ஒன்று உருவாகி மின்னைத் தடுக்கும். முதல் கணினிகள் வால்வுகளால் செய்யப்பட்ட காலத்தில் இந்தப் படை பெரிய தலையிடி கொடுத்தது. சமையலில் உப்பைப் போல, இல்லாவிட்டாலும் கூடாது, கூடினாலும் கூடாது.

அப்பா கூடிய சூடு கொடுத்தபோது நடந்தது இதுதான். உள்ளே மிஞ்சியிருந்த பேரியம் விடுபட்டு மேலே வந்தது. மேற்பரப்பில் ஒட்டியிருந்த நஞ்சுகள் சில நீங்கின. ஆனால் கையிருப்பு அதனால் சீக்கிரம் தீர்ந்தது. அதனால்தான் இரண்டாவது முறை அந்த வித்தை பலிப்பதில்லை.

நமது தமிழர் ஒருவருக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு. வத்திராயிருப்பில் 1898 இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், இராமன் விளைவைக் கண்ட ஆய்வில் சி. வி. இராமனுடன் நின்றவர். 1947 இல் புது டில்லித் தேசியப் பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் பணிப்பாளர் ஆனார். அங்கே எஸ். சி. ஜெயினுடன் சேர்ந்து, சூடான பொருள்களில் இருந்து இலத்திரன் வெளியேறுவதை அளந்தார். 1952 இல் காரீயம் எனப்படும் கிரபைற்றின் அளவீடுகள் வெளிவந்தன. திறந்த மேற்பரப்பில் அளக்காமல், பொருளை உள்ளீடற்ற அறையாக்கி, அதற்குள் வாயுவைப் போல நிரம்பும் இலத்திரன்கள் ஒரு சிறு துவாரத்தால் வெளிவருவதை அளந்தார்கள். மேற்பரப்பில் பட்டுத் திரும்பித் தெறிக்கும் இலத்திரன்களின் குழப்பம் அதனால் தவிர்க்கப்பட்டது. மேற்பரப்பு அவ்வளவு தொல்லை தருவது.

ஏன் தொல்லை? அதன் தடிப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நனோமீற்றர். பேரியம் அணு ஒன்றின் அகலம் அரை நனோமீற்றருக்கும் குறைவு. கதோட்டின் தலைவிதியைத் தீர்மானிப்பது இந்த ஓர் அணுத் தடிப்புள்ள படலம். சட்டித் தயிரின் மேலுள்ள ஆடையைப் பார்த்துத் தயிரின் தரம் சொல்வார்களே, அப்படி இந்த ஆடையை மட்டும் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். சாதாரண இரசாயனப் பரிசோதனையில் பொருளைக் கரைத்தால் ஆடையும் தயிரும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆடையின் செய்தி தொலைந்துவிடும்.

அதற்கு வழி திறந்தது ஓஷே இலத்திரன் முறை. மேற்பரப்பில் ஓர் இலத்திரன் கற்றையைப் பாய்ச்சினால், அணுவின் உட்படையில் இருந்து ஓர் இலத்திரன் வெளியே தள்ளப்படும். அந்த வெற்றிடத்துக்கு மேற்படையில் இருந்து இன்னொன்று இறங்கும். இறங்கும்போது மிஞ்சும் சக்தியை மூன்றாவது இலத்திரன் ஒன்று பெற்றுக்கொண்டு ஓடிவரும். அதன் சக்தி மூலகத்துக்கு மூலகம் வேறுபடும், ஆளுக்கு ஆள் கைரேகை வேறுபடுவது போல. ஆழத்தில் பிறக்கும் இலத்திரன்கள் வழியில் சக்தியை இழந்துவிடும். எனவே எம்மிடம் வந்து சேரும் கைரேகைகள் மேலுள்ள சில நனோமீற்றருக்குள் இருந்தே வருகின்றன.

பிரான்ஸ் நாட்டவரான பியர் ஓஷேயின் பெயரை இது தாங்கியிருக்கிறது. அவர் இதை 1923 இல் வெளியிட்டார். ஆனால் 1922 இலேயே இதை எழுதியவர் ஒரு பெண். அவர் லீசே மைட்னர். மாணவிகளே, அந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பில் ஓர் அணுத் தடிப்புப் படலம் என்ற எண்ணத்தையே தங்குதன் இழைகளில் செய்த ஆய்வுகளால் வளர்த்தவர் ஏர்விங் லாங்மூர். அவருடன் நின்று மெல்லிய படலங்களை அடுக்கிக் காட்டியவர் கதரின் புளொட்ஜெற். கேம்பிரிட்ஜில் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண், 1926 இல்.

இந்தப் பரிசோதனைக்கு மிகச் சிறந்த வெற்றிடம் வேண்டும். அமுக்கத்தை வளிமண்டலத்தின் நூறு கோடியில் ஒரு பங்காகக் குறைத்தாலும், மிச்சமிருக்கும் வாயு ஒரு செக்கனுக்குள் மேற்பரப்பை மூடிவிடும். பத்து இலட்சம் கோடியில் ஒரு பங்கு வரை இறக்கினால்தான் இரண்டு மூன்று மணித்தியாலம் கிடைக்கும். அதற்காக முழு உருக்குக் கலத்தையும் ஓர் இரவு முழுவதும் சூட்டில் வைத்து, சுவர்களில் ஒட்டியிருக்கும் நீராவியை விரட்டுவோம்.

நான் பார்த்தவை வால்வுக் கதோட்டுகள் அல்ல, அவற்றின் தங்கைகள். நுண்துளைகள் உள்ள தங்குதன் வில்லையில் பேரியம், கல்சியம், அலுமினியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுக் கலவையை உருக்கி ஊறவைத்தவை. 1000 பாகை அளவில் வேலை செய்பவை. அந்தச் சூட்டில் மேலுள்ள பேரியம் ஓயாமல் ஆவியாகிப் போய்க்கொண்டிருக்கும். உள்ளே கலவையும் தங்குதனும் தாக்கமுற்று, புதிய பேரியம் துளைகள் வழியே ஏறி அந்த இடத்தை நிரப்பும். போவதும் வருவதும் சமமாக இருக்கும் வரைக்கும் கதோட்டு நலமாக இருக்கும். நல்ல கதோட்டின் மேல் பேரியமும் ஒட்சிசனும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்றாக, ஓர் அணுத் தடிப்பில் படிந்திருப்பதை ஓஷே முறை காட்டியது. பேரியம் தன் இலத்திரனின் ஒரு பங்கை உள்ளே கொடுத்து, வெளிப்புறம் நேரேற்றமாக நிற்கிறது. அந்த மின்சோடி அடுக்குத்தான் இலத்திரன்களின் தடையைத் தாழ்த்துகிறது. பெரிய புதிர் ஒன்று இப்படி அவிழ்ந்தது.

முதுமையடைந்த கதோட்டில் பேரியத்தின் கைரேகை தேய்ந்து, தங்குதனின் கைரேகை தலைகாட்டும். ஒசுமியம் என்ற உலோகத்தை மெல்லியதாகப் பூசினால் வேலைச் சார்பு இன்னும் சிறிது குறையும் என்று 1966 இல் பிலிப்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் நாளடைவில் தங்குதன் அந்தப் பூச்சுக்குள் ஊடுருவி மேலே வருவதையும் இதே முறைதான் அம்பலப்படுத்தியது.

என்னுடைய தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் வருடத்தில் ஒரு கதோட்டு மாதிரியைத் தயார் செய்து, கலத்துக்குள் வைத்து, நாள் முழுவதும் காத்திருந்து பார்த்தேன். இலத்திரன் வரவு மிகக் குறைவு. ஓஷே வரைபில் 181 இலத்திரன்-வோல்ற்றில் ஒரு கூர்முனை நின்றது. அது குளோரினின் கைரேகை. எங்கிருந்து வந்தது என்று இரண்டு கிழமை தேடினேன். கடைசியில் அது என்னுடைய விரலில் இருந்து வந்தது. மாதிரியைத் தாங்கும் சிறு கவ்வியைக் கையுறை போடாமல் ஒரு தரம் தொட்டிருந்தேன். வியர்வையின் உப்பு சூட்டில் நகர்ந்து கதோட்டை நஞ்சாக்கியிருந்தது. உப்புக் காற்றில் வளர்ந்த எனக்கு உப்பே பாடம் படிப்பித்தது. அன்றைக்கு அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு எந்த அளவீட்டையும் என் கையைச் சந்தேகித்த பின்னரே நம்பினேன்.

இப்போது வால்வு றேடியோவே இல்லையே, இதெல்லாம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 1977 இல் புறப்பட்ட வொயேஜர் விண்கலங்கள் கோள்களுக்கு எல்லாம் அப்பால் இருந்து பேசுவது வெற்றிடக் குழாயின் உதவியால். செய்மதிகள் பலவற்றிலும், விமான நிலைய ராடார்களிலும், வைத்தியசாலை எக்ஸ் கதிர் இயந்திரத்திலும், புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தரும் நேர்கோட்டு ஆர்முடுக்கியிலும் சூடான கதோட்டு ஒன்று இருக்கிறது. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பிலும் இருக்கிறது. இந்தியாவில் ராஜஸ்தானின் பிலானியில், 1953 இல் தொடங்கப்பட்ட மத்திய இலத்திரனியல் ஆய்வு நிறுவனத்தில் நுண்ணலைக் குழாய்களும் அவற்றுக்கான கதோட்டுகளும் இன்றும் ஆராயப்படுகின்றன.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இன்று பிற்பகல் பொதுக்கூட்டத்தில் நூற்றாண்டுத் திட்டம் எது என்று நாம் தீர்மானிக்கப் போகிறோம். இரண்டு யோசனைகள் உண்டு. ஒன்று, முன்வாசலில் நூற்றாண்டு வளைவு. மற்றது, பௌதிகவியல் ஆய்வுகூடத்தைத் திருத்தி, அதற்கு ஒரு நிரந்தர நிதி வைப்பது. வளைவைக் கேட்கும் அக்காமாரின் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்த வாசலால் நுழைந்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது.

ஆனால் நேற்று ஆய்வுகூடத்தைப் போய்ப் பார்த்தேன். அளவுச் சட்டங்களும் வில்லைகளும் இருக்கின்றன. வேலை செய்யும் மின்மானி இரண்டுதான் இருக்கிறது. உயர்தரப் பௌதிகம் படிக்கும் பிள்ளைகள் செய்முறையைக் கொப்பியில் படமாக வரைந்து முடிக்கிறார்கள். எனது காலத்தில் "பொம்பிளைப் பிள்ளைக்குப் பௌதிகம் எதற்கு?" என்று பெரியவர் ஒருவர் எனது அப்பாவிடம் கேட்டார். இன்று யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஆனால் கருவி இல்லாத ஆய்வுகூடம் அதே கேள்வியை வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

காரைதீவில் 1892 இல் பிறந்த எங்கள் விபுலாநந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியர் ஆவதற்கு முன்னரே விஞ்ஞானம் கற்பித்தவர். யாழ் நூலில் இசையைக் கணக்கோடு ஆராய்ந்தவர். விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்வதற்குக் கலைச்சொற்களும் ஆக்கியவர். இந்த மண்ணுக்கு விஞ்ஞானம் அந்நியமல்ல.

கதோட்டைப் பற்றி நான் படித்ததில் உங்களுக்குப் பயன்படக்கூடியது ஒன்றுதான். மேற்பரப்பு முக்கியம். அதை நான் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவள், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே கையிருப்பு இல்லாத மேற்பரப்பு சில மணித்தியாலங்களில் வெறுமையாகிவிடும். ஒவ்வொரு வருடமும் இந்தக் கல்லூரியில் இருந்து பிள்ளைகள் வெளியே போகிறார்கள். போவது நல்லது, போகத்தான் வேண்டும். அந்த இடத்துக்கு உள்ளே இருந்து புதியவர்கள் ஏறி வர வழி இருக்க வேண்டும். அதனால் எனது வாக்கு ஆய்வுகூடத்துக்கு. சபை வளைவுக்குத் தீர்ப்பளித்தால் அதற்கும் எனது பங்கைத் தருவேன், மனவருத்தம் இல்லை.

எது முடிவானாலும் ஒரு பொருளை இன்று அதிபரிடம் ஒப்படைக்கிறேன். இது அப்பாவின் அவோமீற்றர். கறுப்புப் பெட்டி, தோல் கைப்பிடி. ஊசி இன்னும் சரியாக நிற்கிறது, நேற்றிரவு பரிசோதித்துப் பார்த்தேன். இதைக் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைக்க வேண்டாம் என்பது எனது ஒரே வேண்டுகோள். பிள்ளைகள் கையில் எடுத்து அளக்கட்டும். ஊசி உடைந்தால் எனக்கு எழுதுங்கள், வந்து திருத்தித் தருகிறேன்.